ராஜா இல்லாத ஊர்களுக்குக் காவல் யார்?

ஒரே ராத்திரியில் 60 புகார்!

2018-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நடந்தது இது. இன்டர்நெட்டில் ஜனங்கள் கூடிப் பேசும் ஓர் இடத்தை நடத்தி வந்தவருக்கு 60 புகார்கள் வந்து குவிந்தன.

அத்தனையும் ஒரே ஆளைப் பற்றிய புகார்கள். அந்த ஆள் யார் தெரியுமா? அமெரிக்க நடிகர் வில் வீட்டன். "ஸ்டார் டிரெக்" டெலிவிஷன் தொடரில் சிறுவனாக நடித்துப் பெயர் வாங்கியவர்.

வீட்டன் அப்போதுதான் ட்விட்டரை விட்டுவிட்டு, "மாஸ்டோடான்" என்ற புது இடத்துக்குக் குடிபோயிருந்தார். ஆனால் ட்விட்டரில் இருந்த பழைய தகராறு அவரை விடவில்லை. பின்னாலேயே வந்து சேர்ந்தது.

என்ன தகராறு? ட்விட்டரில் தொல்லை கொடுப்பவர்களைத் தடுக்க அவர் ஒரு பெயர்ப் பட்டியலைப் பயன்படுத்தினார். மற்றவர்களுக்கும் அதைக் கொடுத்தார். ஒரு பாவமும் அறியாத பலர், முக்கியமாகத் திருநங்கைகள், அந்தப் பட்டியலில் மாட்டிக்கொண்டார்கள் என்பது எதிராளிகளின் கோபம்.

கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 60 புகாரையும் படித்து, எது நிஜம், எது கும்பலாகச் சேர்ந்து போட்டது என்று பிரிக்க வேண்டுமே! அதற்கு அந்த நிர்வாகிக்கு நேரம் இல்லை. வீட்டனின் கணக்கைப் பூட்டிவிட்டார். வீட்டன் மாஸ்டோடானுக்கே கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அங்கே பெரிய ஆபீஸ் இல்லையா? மேல் அதிகாரி இல்லையா? அப்பீல் செய்ய வழி இல்லையா?

இல்லை. அதுதான் இந்த இடத்தின் பெருமை. அதுதான் இதன் தலைவலியும்.

ஆதிகாலத்து யானை

மாஸ்டோடான் என்பது ஆதிகாலத்தில் வாழ்ந்து அழிந்துபோன, யானை போன்ற ஒரு மிருகம். அதன் பெயரைத் தன் கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு வைத்தார் ஆய்கன் ரோச்கோ என்ற வாலிபர். ருஷ்யாவில் பிறந்து, 11 வயதில் ஜெர்மனிக்கு வந்தவர். யேனா நகரப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2016-ல் அவர் இந்தப் புரோகிராமை வெளியிட்டார்.

பேஸ்புக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கோடிக்கணக்கான ஜனங்கள் அதில் இருக்கிறார்கள். ஆனால் சொந்தக்காரர் ஒரே கம்பெனி. கம்பெனி வைத்ததுதான் சட்டம். பிடிக்கவில்லை என்றால் வெளியே போக வேண்டியதுதான்.

ரோச்கோ அப்படிச் செய்யவில்லை. "இந்தாருங்கள் புரோகிராம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். காசு வேண்டாம்" என்று உலகத்துக்கே கொடுத்துவிட்டார்.

அதை எடுத்து ஒரு கம்ப்யூட்டரில் போட்டு, இரவு பகலாக இன்டர்நெட்டில் இணைத்து வைத்தால், அந்தக் கம்ப்யூட்டர் ஒரு "சர்வர்" ஆகிவிடும். (ஓட்டலில் இட்லி கொண்டுவரும் சர்வர் அல்ல!) அதில் பத்துப் பேர் சேரலாம், பத்தாயிரம் பேரும் சேரலாம். அது ஒரு தனி ஊர். அதை நடத்துகிறவர்தான் அந்த ஊருக்கு நாட்டாண்மை.

இப்படி ஆயிரக்கணக்கான ஊர்கள் தோன்றிவிட்டன.

ஓர் ஊர்க்காரர் இன்னோர் ஊர்க்காரருடன் பேச முடியுமா? முடியும். ஏர்டெல் போனிலிருந்து ஜியோ போனுக்குப் பேசுகிறோமே, அதுபோலத்தான். கம்பெனி வேறு, பேச்சு ஒன்று. இந்த ஊர்கள் எல்லாம் பேசிக்கொள்ளும் பொது மொழிக்கு "ஆக்டிவிட்டிபப்" என்று பெயர். வலைத்தளங்களுக்கு விதிமுறை வகுக்கும் சர்வதேச அமைப்பு, 2018 ஜனவரியில் இதை அங்கீகரித்தது. ஊர்கள் எல்லாம் சேர்ந்த கூட்டத்துக்கு "ஃபெடிவர்ஸ்" என்று பெயர்.

இந்தியாவில் இருந்து வந்த கூட்டம்

2019-ல் இந்தியாவிலும் இந்தப் பெயர் அடிபட்டது.

சுப்ரீம் கோர்ட்டு மூத்த வக்கீல் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. அவர் செய்தது என்ன? தன் பக்கத்தில் ஒரு பழைய போட்டோவை வைத்திருந்தார். 1936-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில் எடுத்த படம் அது. கூட்டம் முழுவதும் கையை நீட்டி ஹிட்லர் கட்சி வணக்கம் செலுத்துகிறது. ஒரே ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஹிட்லரை எதிர்த்த படம்! அதைப் பார்த்து "துவேஷப் படம்" என்று முடிவு செய்துவிட்டது ட்விட்டர்.

பிறகு கணக்குத் திரும்ப வந்தது. ஒரு கவிதையைப் பகிர்ந்ததைக் காட்டி மறுபடியும் போனது. இந்தியாவில் பலர் கோபம் கொண்டார்கள். நவம்பர் மாதத்தில் அவர்களில் பலர் மாஸ்டோடானில் கணக்குத் திறந்தார்கள்.

"மாஸ்டோடான் டாட் சோஷியல்" என்பது ரோச்கோ தொடங்கிய ஊர். அங்கே என்னென்ன கூடாது என்று ஒரு விதி உண்டு. நிறவெறி கூடாது, பெண்களை இழிவு செய்யக் கூடாது, வெளிநாட்டாரைத் துவேஷிக்கக் கூடாது என்று போகிற அந்த வரிசையில் சாதிவெறியும் இருக்கிறது. ஜெர்மனியில் இருந்து நடக்கும் ஓர் ஊரின் சட்டத்தில் சாதிவெறிக்குத் தடை! நம் நாட்டு வியாதி அவ்வளவு தூரம் தெரிந்துவிட்டது என்று வெட்கப்படுவதா, மருந்து எழுதி வைத்தார்களே என்று சந்தோஷப்படுவதா?

ஒட்டும் இல்லை, உறவும் இல்லை

விதி எழுதுவது சுலபம். விஷமிகளே ஓர் ஊரைக் கட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வது?

அப்படியும் நடந்தது.

அமெரிக்காவில் "கேப்" என்று ஒரு தளம் இருக்கிறது. தீவிர வலதுசாரிகள் நிறையக் கூடும் இடம். 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் நகரத்தில், யூதர்களின் ஆலயத்துக்குள் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்து 11 பேரைச் சுட்டுக் கொன்றான். அதற்குச் சற்று முன்பு அவன் எழுதி வைத்துவிட்டுப் போனது இந்தத் தளத்தில்தான்.

2019 ஜூலையில் கேப் தன் பழைய புரோகிராமைத் தூக்கிப் போட்டுவிட்டு, மாஸ்டோடான் புரோகிராமை எடுத்துக்கொண்டது. இலவசம்தானே! ரோச்கோவால் தடுக்க முடியவில்லை. தடுக்கும் உரிமையை அவரே முதல் நாளில் விட்டுக்கொடுத்துவிட்டார்.

ஆனால் மற்ற ஊர்கள் சும்மா இருக்கவில்லை. பல ஊர் நிர்வாகிகள் தங்கள் கம்ப்யூட்டரில் ஒரு வரியைச் சேர்த்தார்கள்: "கேப் ஊரில் இருந்து எதுவும் இங்கே வரக் கூடாது. இங்கிருந்து எதுவும் அங்கே போகக் கூடாது."

அவ்வளவுதான்! மாஸ்டோடானைப் பார்ப்பதற்கான சில செல்போன் ஆப்களும் கேப்புக்குக் கதவைச் சாத்தின. போலீஸ் வரவில்லை. கோர்ட்டு உத்தரவு இல்லை. கேப் தன் வீட்டுக்குள் தானே பேசிக்கொள்ள வேண்டியதாயிற்று. 2020-ல் அது மற்ற ஊர்களோடு பேசும் வழியைத் தானே மூடிக்கொண்டது.

நம் கிராமங்களில் "ஊரை விட்டுத் தள்ளி வைப்பது" என்ற கொடுமை உண்டு. தண்ணீர் கூடாது, நெருப்புக் கூடாது என்பார்கள். இங்கே அது பெரும்பாலும் ஏழையின் தலையிலேயே விழுந்திருக்கிறது. அங்கே அதே ஆயுதம் முரடர்கள் பக்கம் திரும்பியது.

முழுவதும் உறவை அறுப்பது கடைசி ஆயுதம்தான். அதற்கு முன்னால் சின்னச் சின்ன வழிகள் இருக்கின்றன. ஓர் ஊரிலிருந்து வரும் படங்களை மட்டும் நிறுத்தலாம். அல்லது அந்த ஊர்க்காரர்களின் பேச்சைப் பொது மேடையில் ஏற்றாமல், அவர்களை விரும்பிப் பின்தொடர்கிறவர்களுக்கு மட்டும் காட்டலாம். தனி மனிதர் தனக்குப் பிடிக்காத ஆளையோ, பிடிக்காத ஊரையோ தன் கண்ணில் படாமல் மறைத்துக்கொள்ளலாம். எழுதுகிறவரே "இதில் ரத்தம் வரும் விஷயம் இருக்கிறது" என்று மேலே எச்சரிக்கை போட்டு, மூடி வைக்கலாம். பார்க்க விரும்புகிறவர் மூடியைத் திறந்து பார்க்கலாம்.

வயலோடு எரியும் வரப்பு

உறவை அறுப்பதில் ஒரு கஷ்டம் உண்டு. ஓர் ஊரில் நான்கு போக்கிரிகள் இருக்கிறார்கள். நிர்வாகி கண்டுகொள்ளவில்லை. பக்கத்து ஊர்கள் கோபம் கொண்டு ஒட்டுமொத்தமாக உறவை அறுத்துவிடுகின்றன. அப்போது அந்த ஊரில் வாயைத் திறக்காமல் குடியிருந்த நானூறு பேர் கதி என்ன? பக்கத்து ஊர் சிநேகிதர்களை ஒரே நாளில் இழந்து நிற்பார்கள்.

அவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. வேறு ஊருக்கு மூட்டை கட்டலாம். தன்னைப் பின்தொடர்கிறவர்களை அழைத்துக்கொண்டு போக முடியும். ஆனால் எழுதி வைத்த பழைய பதிவுகள் கூட வருவதில்லை. வீட்டை மாற்றலாம், சுவரில் எழுதியதைக் கொண்டுபோக முடியாது என்கிற மாதிரி.

நல்ல எண்ணத்தோடு வைத்த வழக்கமும் சில சமயம் எதிராகத் திரும்பும். 2022-ல் கறுப்பின மக்கள் பலர் ட்விட்டரில் இருந்து இங்கே வந்தார்கள். தங்களுக்கு நேர்ந்த அவமானங்களை எழுதினார்கள். உடனே பழைய குடிகள் சிலர், "இதையெல்லாம் எச்சரிக்கை போட்டு மூடி வையுங்கள். எங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது" என்றார்கள். அடிபட்டவன் அழுதால் சத்தம் போடாதே என்பது என்ன நியாயம்? வந்தவர்களில் சிலர் திரும்பிப் போய்விட்டார்கள்.

நிலவறையில் ஓர் ஊர்

2022 அக்டோபர் 27-ந் தேதி, ஈலான் மஸ்க் ட்விட்டரை 4,400 கோடி டாலர் விலையில் வாங்கி முடித்தார். ட்விட்டர்வாசிகள் லட்சக்கணக்கில் கிளம்பினார்கள். அக்டோபரில் மாஸ்டோடானை மாதந்தோறும் பயன்படுத்தியவர்கள் சுமார் 3 லட்சம் பேர். நவம்பரில் அது 25 லட்சம் ஆகிவிட்டது!

கிரிஸ் நோவா என்ற கம்ப்யூட்டர் பெண் என்ஜினீயர், அமெரிக்காவில் தன் வீட்டு நிலவறையில் கம்ப்யூட்டர்களை வைத்து "ஹாக்கிடெர்ம்" என்ற ஊரை நடத்திக்கொண்டிருந்தார். அதில் இருந்தவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. ஒரு மாதத்துக்குள் அது சுமார் 30 ஆயிரம் ஆனது. வீட்டுக் கம்ப்யூட்டர்கள் திணறின. வேறு இடத்துக்கு மாற்றினார்கள்.

நோவா ஒரு புத்திசாலித்தனம் செய்தார். காவல் வேலையைத் தன் ஒருத்தி தலையில் போட்டுக்கொள்ளவில்லை. தொண்டர்களைச் சேர்த்தார். ஊரைத் தாங்குவதற்கு ஓர் அறக்கட்டளையையும் அமைத்தார்.

2023 ஆகஸ்டில் மலை ஏறும்போது நேர்ந்த விபத்தில் நோவா இறந்துபோனார். அவர் கட்டிய ஊர் மூடப்படவில்லை. மற்றவர்கள் எடுத்து நடத்தினார்கள்.

எல்லா ஊருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. "மாஸ்டோடான் டாட் லால்" என்று ஓர் ஊர் இருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் குடியிருந்தார்கள். ஹாரி பாட்டர் கதையை ஒட்டி வந்த ஒரு வீடியோ விளையாட்டைப் பற்றிச் சண்டை மூண்டது. வசவுகள் எல்லாம் நிர்வாகியின் தலையில் விழுந்தன. 2023 பிப்ரவரியில் அவர், "போதும்! மூடப்போகிறேன்" என்று அறிவித்துவிட்டார். குடிகள் புறப்பட்டு வேறு ஊர் தேடினார்கள்.

அவர்மீது குற்றம் சொல்லிப் பயன் இல்லை. இந்த நிர்வாகிகளில் பெரும்பாலோருக்குச் சம்பளம் கிடையாது. பகலில் வேறு உத்தியோகம். ராத்திரியில் ஊர்ச் சண்டை. குடிகள் மனம் இரங்கிக் கொடுக்கும் நன்கொடையில் மின்சாரத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் கட்ட வேண்டும்.

ரோச்கோவே களைத்துப்போனார். பல ஆண்டு நடத்திய பிறகு, இந்தப் பொறுப்பின் மன அழுத்தத்தைச் சொல்லி, 2025 நவம்பரில் தலைமைப் பதவியை விட்டு இறங்கினார்.

"திடீர் என்று மூடிவிட்டால் என்ன செய்வது?" என்ற பயத்துக்காக 2019-லேயே ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மாஸ்டோடானின் அதிகாரபூர்வமான ஊர்ப் பட்டியலில் பெயர் வர வேண்டும் என்றால், மூடுவதற்கு 3 மாதம் முன்னதாகவே சொல்ல வேண்டும். தினமும் நகல் எடுத்து வைக்க வேண்டும். நிர்வாகிக்கு ஏதாவது நேர்ந்தால் உள்ளே போகக்கூடிய இன்னொருவராவது இருக்க வேண்டும். துவேஷப் பேச்சைக் கண்காணித்து நீக்க வேண்டும். கையெழுத்துப் போடாத ஊர்கள் நடக்கக் கூடாது என்று அர்த்தம் அல்ல. பட்டியலில் பெயர் வராது, அவ்வளவுதான்.

5 நிமிஷத்தில் அகப்பட்டது

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு.

2023-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், பெரிய ஊர்கள் 25-ஐ எடுத்துக்கொண்டு சோதனை போட்டார்கள். 2 நாளில் சுமார் 3 லட்சத்து 25 ஆயிரம் பதிவுகளைப் பார்த்தார்கள். தேட ஆரம்பித்த 5 நிமிஷத்துக்குள், குழந்தைகளைக் கெடுக்கும் ஆபாசப் படம் ஒன்று சிக்கியது. மொத்தம் 112 படங்கள்! எல்லாம் முன்பே போலீசாருக்குத் தெரிந்த படங்கள்.

"தெரிந்த படம்" என்றால் என்ன? மனிதனுக்குக் கைரேகை இருப்பதுபோல ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண்ரேகை உண்டு. பிடிபட்ட படங்களின் ரேகைகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பேஸ்புக் போன்ற பெரிய கம்பெனிகளில் யாராவது படம் ஏற்றினால், யந்திரம் உடனே ரேகையை ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போனால் பிடித்துக்கொள்ளும். சின்ன ஊர்களில் பலவற்றில் அந்த யந்திரம் இல்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறு இருக்கிறது. இந்த ஊர்க்காரர் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைப் பின்தொடர்ந்தால், அந்த ஆள் போடும் படத்தின் நகல் இந்த ஊர்க் கம்ப்யூட்டரிலும் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். நிர்வாகி அதைப் பார்த்திருக்கவே மாட்டார். ஆனால் குற்றத்துக்கு உரிய படம் அவருடைய கம்ப்யூட்டரில் இருக்கும்!

இந்த விஷயத்தில் உதவுவதற்காக "இஃப்டாஸ்" என்ற லாப நோக்கம் இல்லாத ஸ்தாபனம் தோன்றியது. சின்ன ஊர்களுக்காக அதுவே ரேகை பார்க்கும் சேவையைத் தொடங்கியது. 2025-ல் பணம் இல்லாமல் அந்தச் சேவையை நிறுத்திவிட்டது. குழந்தைகளைக் காக்கும் காரியத்துக்குக் காசு இல்லை!

அந்தரங்கக் கடிதம்

இன்னொரு விஷயத்தையும் வீட்டில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். மாஸ்டோடானில் ஒருவருக்கு மட்டும் என்று எழுதும் செய்தி, ஒட்டிய கவரில் போகும் கடிதம் அல்ல. தபால் கார்டு மாதிரி. ஊரை நடத்துகிறவர் நினைத்தால் படிக்கலாம்.

2023 மே மாதம் அமெரிக்காவில் எப்.பி.ஐ. போலீசார், வேறு ஒரு விவகாரத்துக்காக ஒருவர் வீட்டைச் சோதனை போட்டார்கள். அவர் "கோலெக்டிவா" என்ற ஊரின் நிர்வாகிகளில் ஒருவர். அந்த நேரம் பார்த்து, ஊரின் முழு நகல் ஒன்று பூட்டுச் சாவி இல்லாமல் அவர் கம்ப்யூட்டரில் இருந்தது. மற்ற சாமான்களோடு அதுவும் போயிற்று. ஊராரின் அந்தரங்கச் செய்திகள், இமெயில் விலாசங்கள் எல்லாம் அதில் இருந்தன. அவர்களுக்கும் அந்த விவகாரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஆகவே, சேருவதற்கு முன்னால் அந்த ஊரின் "எங்களைப் பற்றி" என்ற பக்கத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது. நடத்துகிறவர் யார், விதிகள் என்ன என்று அங்கே எழுதியிருக்கும். எந்தெந்த ஊர்களோடு உறவை அறுத்திருக்கிறார்கள், என்ன காரணத்துக்காக என்ற பட்டியலையும் பல ஊர்கள் அதிலேயே போட்டு வைக்கின்றன. பெண் கேட்டுப் போகும் முன் அக்கம்பக்கத்தில் விசாரிப்பதில்லையா?

தாழ்ப்பாள்

2024 பிப்ரவரியில் ஒரு தாக்குதல் நடந்தது. குப்பைச் செய்திகள் வெள்ளமாகப் பாய்ந்தன. எங்கிருந்து? பெரிய ஊர்களில் இருந்து அல்ல. யாரோ ஆசையாக ஆரம்பித்துவிட்டு, பிறகு மறந்துபோன சின்னஞ்சிறு ஊர்களில் இருந்து! வாசல் திறந்தபடி கிடந்தது. உள்ளே காவலுக்கு ஆள் இல்லை. விஷமிகள் யந்திரத்தை வைத்து நூற்றுக்கணக்கில் போலிக் கணக்குகளைத் திறந்துவிட்டார்கள். மற்ற ஊர் நிர்வாகிகள் விடிய விடியக் குப்பை அள்ளினார்கள்.

அந்த மாதமே மாஸ்டோடான் புரோகிராமில் ஒரு புது ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். ஒரு வாரம் கண்காணிப்பாளர் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்றால், திறந்து கிடக்கும் வாசல் தானாகவே தாழ் போட்டுக்கொள்ளும். அதற்குப் பிறகு வருகிறவர்கள் பெயரைக் கொடுத்துவிட்டு வெளியே காத்திருக்க வேண்டியதுதான், உள்ளே இருந்து ஒரு மனிதர் வந்து பார்த்து "சரி, வாருங்கள்" என்று சொல்லும் வரையில்.